மழை முடிஞ்சு கிரில்லைத் திறக்கிறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுத் திற!

அக்டோபர்ல மழை ஆரம்பிச்சப்போ மொட்டை மாடி மூலையில மூடி வெச்ச கரி கிரில். இப்போ டிசம்பர் கடைசி. 31-ஆம் தேதி ராத்திரி சிக்கனும் பனீரும் சுடலாம்னு சொந்தக்காரங்களை எல்லாம் கூப்பிட்டாச்சு. மூடியைத் தூக்கினா கம்பி மேல வெள்ளைப் பஞ்சு, அடியில பச்சையும் கறுப்புமா ஒரு படலம், மூக்கைத் துளைக்கிற புழுங்கின வாடை.

முகத்தைச் சுளிச்சுட்டு மூடியைத் திரும்பப் போட்டுடாதே, தங்கச்சி. கிரில்லைத் தூக்கிப் போடவும் வேண்டாம். அரை நாள் ஒதுக்கினா பெரும்பாலும் சரியாயிடும். ஆனா வீட்டுல ஒருத்தர் வந்து, "நெருப்பு வெச்சா எல்லாம் செத்துடும், அப்படியே கரியைக் கொட்டிப் பத்த வை"ன்னு சொல்வாங்க பாரு, அதை மட்டும் கேட்காதே.

நெருப்பு பூசணத்தைக் கொல்லும், ஆனா எடுக்காது. செத்த பூசணமும், அது தின்னுட்டு இருந்த பழைய கொழுப்பும், ஈரச் சாம்பலும் அங்கேயேதான் கிடக்கும். அதன் மேலதான் உன் பிள்ளைக்குச் சிக்கன் சுடப் போறே. சில பூஞ்சைகள் விடுற நச்சு சமையல் சூட்டுக்கெல்லாம் அசையாது. பூசணம் பிடிச்ச நிலக்கடலையில வர்ற அஃப்ளடாக்சின் அந்த வகைதான், வறுத்தாலும் முழுசாப் போகாது. அதனால அக்கா சொல்ற வரிசையை மனசுல எழுதிக்கோ: முதல்ல கழுவு, கடைசியில சுடு. மாத்திச் செய்யாதே.

முதல்ல பார்: இது பூசணம்தானா?

கறுப்பா எதைப் பார்த்தாலும் அலற வேண்டாம். நாலு விதமா இருக்கும்.

* பஞ்சு மாதிரியோ மாவு மாதிரியோ வெள்ளை, பச்சை, சாம்பல் நிறம். தொட்டா கையில ஒட்டும், வாடை அடிக்கும்: பூசணமேதான்.
* மூடியோட உள்பக்கம் கறுப்பா உரிஞ்சு தொங்குது, தட்டினா மொறமொறன்னு உதிருது: பெயின்ட்டும் இல்லை, பூசணமும் இல்லை. கொழுப்பும் புகையும் சேர்ந்து படிஞ்ச கரி. சுரண்டி எடு, சாப்பாட்டுல விழக் கூடாது, அவ்வளவுதான்.
* செம்பழுப்பு, சொரசொரப்பு: துரு. மேலாப்ல இருந்தா தேய்ச்சா போயிடும்.
* அடியில வெள்ளையா இறுகின கட்டி: மழைத்தண்ணி பட்டு உறைஞ்ச சாம்பல். இதுக்கு அடியிலதான் இரும்பு அரிச்சுக்கிட்டு இருக்கும். உடனே எடு.

இன்னொண்ணு. 2021-ல கொரோனா நேரத்துல 'கருப்புப் பூஞ்சை'ன்னு கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் பயம் வந்துடுச்சு. கிரில்லுல கறுப்பாப் பூத்திருக்கிறதாலேயே அது அந்த நோயைக் கொண்டுவரும்னு அர்த்தம் இல்லை. பூசணத்தோட நிறத்தைப் பார்த்து நோயைச் சொல்ல முடியாது. ஆனா அந்த நோய் யாரைப் பிடிச்சதுன்னு ஞாபகம் வெச்சுக்கோ: சர்க்கரை கட்டுப்பாட்டுல இல்லாதவங்க, ஸ்டீராய்டு மருந்து எடுத்தவங்க, எதிர்ப்புச் சக்தி குறைஞ்சவங்க. அப்படிப்பட்டவங்களும், ஆஸ்துமா, வீசிங் இருக்கிறவங்களும் இந்த வேலையில கை வைக்கவே கூடாது. பக்கத்துல நிக்கவும் வேண்டாம். குழந்தைகளைக் கீழே அனுப்பிடு.

ஏன் வந்துச்சு? ரெண்டு நிமிஷம் கேளு

பூசணத்துக்கு வேணும்கிறது மூணுதான்: ஈரம், சாப்பாடு, அசையாத காற்று. சென்னைக்கு வருஷத்துல பெய்யிற மழையில பாதிக்கும் மேல அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள கொட்டிடும். ஈரத்துக்குக் குறையே இல்லை. கழுவாம விட்ட கம்பியில தயிரும் மசாலாவும் கோழிக் கொழுப்பும் இருக்கு, அது சாப்பாடு. மேல தார்ப்பாயைப் போட்டுக் கயித்தால இறுக்கிக் கட்டினே பாரு, காற்றும் நின்னுபோச்சு. ஈரமான பொருளை 24-லேர்ந்து 48 மணி நேரத்துக்குள்ள காய வைக்கலைன்னா பூசணம் பிடிக்க ஆரம்பிச்சுடும். நீ மூணு மாசம் விட்டிருக்கே.

குளிர்ச்சியா இருக்கிற ஊட்டி, கொடைக்கானல் வீடுகள்லேயும், உப்புக்காத்து அடிக்கிற கடலோரத்துலேயும் தொல்லை இன்னும் கூடுதல். அங்கே இருக்கிறவங்க கடைசிப் பகுதியை ரெண்டு தடவை படிங்க.

கையில எடுத்து வெச்சுக்கோ

பாதி வேலையில எழுந்து ஓடாம இருக்க எல்லாத்தையும் முன்னாடியே மேலே கொண்டு போயிடு.

* என்95 முகக்கவசம், ரப்பர் கையுறை, பழைய உடுப்பு. கைக்குட்டை கட்டிக்கிட்டா போதும்னு நினைக்காதே, பூசணத் தூளை அது தடுக்காது.
* பழைய தோசைத்திருப்பி. சுரண்டுறதுக்கு இதைவிட நல்ல ஆயுதம் இல்லை.
* தேங்காய் நார், ஸ்டீல் ஸ்கிரப்பர்.
* தெளிக்கிற பாட்டில்ல சோப்புத் தண்ணி.
* ரெண்டு வாளி வெந்நீர், பாத்திரம் தேய்க்கிற சோப்பு, ஆப்ப சோடா.
* ஒரு அகலமான பழைய டப்.
* பழைய செய்தித்தாள், குப்பைப் பை.
* பெரிய வெங்காயம் ஒண்ணு, கொஞ்சம் கடலெண்ணெய்.

தனியா 'கிரில் கிளீனர்'னு கடையில காசைக் கொட்ட வேண்டாம். மேலே சொன்னதே போதும்.

வேலை: இந்த வரிசையில மட்டும்

1. குச்சியால தட்டிட்டுத் திற. மூணு மாசம் யாரும் தொடாத இடம். பல்லி, கரப்பான், பூரான், தேள் எதுவும் குடியிருக்கலாம். உறைக்குள்ள கையை விட்டுத் துழாவாதே.

2. முதல்ல நனை. காய்ஞ்ச பூசணத்தைத் துடைப்பத்தால பெருக்கினா தூள் பறந்து உன் மூச்சுக்குள்ள போகும், பக்கத்துல காயிற துணியிலேயும் போய் உட்காரும். சோப்புத் தண்ணியை லேசாத் தெளிச்சு 5 நிமிஷம் விடு. ஃபேனும் வேண்டாம், ஹோஸ் பைப்பால பீச்சி அடிக்கவும் வேண்டாம்.

3. உள்ளே இருக்கிற எல்லாத்தையும் காலி பண்ணு. பழைய கரி, சாம்பல், கொழுப்பு விழுற தட்டுல உறைஞ்சு கிடக்கிறது, எல்லாத்தையும் செய்தித்தாள்ல வாரிப் பையில கட்டி வீசு. "இந்தக் கரி கொஞ்சம் நல்லாத்தான் இருக்கு"ன்னு பொறுக்காதே. பூசணம் பார்த்த சாம்பலைச் செடிக்கும் போடாதே, அதுல கொழுப்பும் கலந்திருக்கு.

4. சுரண்டு. தோசைத்திருப்பியால மேலிருந்து கீழாகச் சுரண்டிட்டு வா: மூடி, பக்கச் சுவர், அடிப்பாகம். காற்றுத் துவாரத்தை மறந்துடாதே, எல்லாரும் விடுற இடம் அதுதான். உள்ளே எனாமல் பூச்சு இருந்தா இரும்பால அழுத்திச் சுரண்டாதே. பூச்சு பேந்தா அந்த இடத்துல அடுத்த மழைக்குத் துருப் பிடிக்கும்.

5. கம்பியை டப்புல ஊற வை. நல்ல வெந்நீர், சோப்பு, ரெண்டு கரண்டி ஆப்ப சோடா. அரை மணி நேரம் ஊறட்டும். அதுக்குள்ள நீ டிரம், அதாவது கரி போடுற பாகத்தோட உள்பக்கத்தை நாரும் சோப்புமாத் தேய்ச்சு முடிச்சுடலாம். வார்ப்பிரும்புக் கம்பியா இருந்தா மட்டும் ஊற வைக்காதே; வெந்நீர் ஊத்தித் தேய்ச்சு உடனே துடைச்சுடு.

6. தேய், கழுவு. ஊறின பிறகு கம்பி சுலபமாத் தேய்ச்சு வரும். ரொம்பப் பிசுக்கா இருந்தா சலிச்ச புதுச் சாம்பல் கொஞ்சம் தொட்டுத் தேய். அந்தக் காலத்துல சாம்பலால பாத்திரம் தேய்ச்சது சும்மா இல்லை. சாம்பல் ஒரு காரம், எண்ணெய்ப் பிசுக்கை அது பிடிச்சு இழுக்கும். அலுமினியத்துல மட்டும் சாம்பலும் வேண்டாம், சோடாவும் வேண்டாம்; கறுத்துப் போகும்.

7. அழுக்குத் தண்ணியை மாடிக் குழாய்ல விடாதே. இதைப் பாதிப் பேர் யோசிக்கிறதே இல்லை. தமிழ்நாட்டுல 2003-லேர்ந்து எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். உன் மாடியில விழுற தண்ணி எங்கே போகுது? கிணத்துக்கோ, தொட்டிக்கோ, நிலத்தடிக்கோ. கோழிக் கொழுப்பும் சோப்பும் பூசணமும் அங்கே போகணுமா? டப்புலயே பிடிச்சுக் கீழே கொண்டு போய்ச் சாக்கடையில ஊத்து. கனமா இருந்தா தம்பியைக் கூப்பிடு. சாப்பிட வர்றவன் வாளியும் தூக்கட்டும்.

8. வெயில்ல காய வை. மூடி தனி, கம்பி தனி, டிரம் தனி. மதிய வெயில்ல ரெண்டு மூணு மணி நேரம். டிரம்மைக் கவிழ்த்து வை, அடியில தண்ணி நிக்கக் கூடாது.

9. இப்போ நெருப்பு. புதுக் கரி போட்டு, அது நல்லாக் கனிஞ்சு மேல சாம்பல் பூத்த பிறகு கம்பியை வெச்சு மூடு. காற்றுத் துவாரம் திறந்தே இருக்கணும். அரை மணி நேரம் விடு. மூடியில வெப்பமானி இருந்தா 200 டிகிரி செல்சியஸ் தாண்டட்டும். கண்ணுக்குத் தெரியாம ஒட்டியிருக்கிற மிச்சம் மீதி இதுல செத்துடும், மூலை முடுக்குல இருக்கிற ஈரமும் போயிடும். இதுக்காகத்தான் நெருப்பைக் கடைசிக்கு வெச்சேன். நெருப்புக்கு அப்புறம் கழுவினா மறுபடியும் ஈரத்தோட நிப்பே. கழுவாம நெருப்பு வெச்சா, சேர்ந்திருக்கிற கொழுப்பு குப்புன்னு பத்திக்கும். அப்படிப் பத்திக்கிட்டா தண்ணி ஊத்தாதே. மூடியைப் போட்டுத் துவாரத்தை அடை, தானா அடங்கும்.

10. வெங்காயம், அப்புறம் எண்ணெய். சூடான கம்பியில பாதி வெங்காயத்தை முள்கரண்டியில குத்தி அழுத்தித் தேய். கடைசியா ஒட்டியிருக்கிற கரியும் வந்துடும். பிறகு துணியை இடுக்கியில பிடிச்சு, எண்ணெயில தொட்டு, மெல்லிசாத் தடவு. தோசைக்கல்லைப் பழக்குற மாதிரிதான்: பளபளன்னு தெரியணும், சொட்டக் கூடாது. சொட்டச் சொட்டத் தடவினா அடுத்த பூசணத்துக்கு நீயே சாப்பாடு பரிமாறின மாதிரி.

இதையெல்லாம் காப்பாத்தப் பார்க்காதே, வீசிடு

* மூங்கில் குச்சி: ஒண்ணுல பூசணம் தெரிஞ்சாலும் கட்டோட வீசு. மரத்தோட துளைக்குள்ள போனதைக் கழுவி எடுக்க முடியாது.
* கரி உருண்டைகள்: கொட்டாங்குச்சிக் கரியை அரைச்சுக் கட்டி பண்றதுக்கு மாவுச்சத்துதான் பசை. ஈரம் பட்டா அதுலயே பூசணம் பூக்கும், கட்டியும் பொடியாயிடும். வீசிடு.
* அடுப்புக்கரி: சீமைக் கருவேல மரத்துக் கரி வெறுமனே நனைஞ்சிருந்தா நல்ல வெயில்ல காய வெச்சுப் பயன்படுத்தலாம். பூசணமே படிஞ்சிருந்தா அதையும் வெச்சுக்காதே. கரி என்ன விலை, ஆஸ்பத்திரி என்ன விலை?
* தூரிகை, மசாலா தடவுற பிரஷ்: இழைகளுக்கு நடுவுல பூசணம் இருந்தா போகாது.
* குரோம் பூச்சு உரியிற கம்பி, துருவால ஓட்டை விழுந்த டிரம்: கம்பியை மாத்து. டிரம் அடிப்பாகம் ஓட்டையாகிக் கனல் கீழே விழுற நிலைமைன்னா அதோட ஆயுள் முடிஞ்சுபோச்சு.

கிட்டவே போகாதே

1. பிளீச்சிங் பவுடர் வேண்டாம். இரும்பை அரிக்கும், வாடையும் சாப்பாட்டுல ஏறும். அதைவிடப் பெரிய ஆபத்து, அதோட வினிகரோ கழிப்பறை ஆசிடோ சேர்ந்தா குளோரின் விஷவாயு கிளம்பும். 'ரெண்டும் சேர்த்தா இன்னும் நல்லாப் போகும்'னு எதையும் கலக்காதே. கழிப்பறைக்கு வாங்கின எதுவும் சாப்பாடு சுடுற இடத்துக்கு வரவே கூடாது.

2. வினிகரையும் ஆப்ப சோடாவையும் ஒண்ணாக் கொட்டி நுரையைப் பார்த்து மகிழாதே. ஒண்ணு அமிலம், இன்னொண்ணு காரம். சேர்ந்தா ரெண்டோட வேகமும் போயிடும். பிசுக்குக்குச் சோடா போடு, கழுவு. வினிகர் வேணும்னா அப்புறம் தனியாத் துடை.

3. கம்பி பிரஷ் வேண்டாம். அதோட மெல்லிசுக் கம்பி ஒண்ணு உதிர்ந்து கறியில ஒட்டிச்சுன்னா தொண்டையிலேயோ குடல்லேயோ குத்தும். அமெரிக்காவோட நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2012-ல இப்படிக் காயம் பட்டவங்களைப் பத்தி அறிக்கை போட்டிருக்கு. தேங்காய் நாரும் வெங்காயமும் இருக்கிறப்போ அது எதுக்கு? ஸ்டீல் ஸ்கிரப்பர் போட்டாலும், தேய்ச்ச பிறகு ஈரத்துணியால ஒரு தடவை துடைச்சுப் பார்.

4. ஹார்டுவேர் கடை ஜி.ஐ. வலையைக் கம்பிக்குப் பதிலா வைக்காதே. "பழைய கம்பி பூசணம் பிடிச்சுடுச்சு, இதை வெட்டி வெச்சுக்கலாம்"னு நிறையப் பேர் செய்யிறாங்க. அது மேல இருக்கிறது துத்தநாகப் பூச்சு. எலுமிச்சையும் தயிரும் பட்டா கரைஞ்சு கறியில இறங்கும். கனல்ல ரொம்பக் காய்ஞ்சா அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி வாங்கு.

5. மழை தூறுதுன்னு கிரில்லை வீட்டுக்குள்ளேயோ, கண்ணாடி போட்டு மூடின பால்கனியிலேயோ பத்த வைக்காதே. கனிஞ்ச கரியிலேர்ந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், அதோட முடிஞ்சுடும். மலை ஊருக்குப் போறவங்க குளிருக்கு இதமா இருக்கும்னு அணையாத கரியை அறைக்குள்ள இழுத்துட்டுப் போய்ப் படுக்கவே கூடாது. இதுல அக்கா கெஞ்சிக் கேட்கிறேன்.

6. ஈரம் இழுக்கும்னு கல்லுப்பைக் கிண்ணத்துல போட்டு உள்ளே வைக்காதே. உப்பு ஈரத்தை இழுக்கும், சரி. இழுத்துட்டு அந்த உப்புத்தண்ணி இரும்பைத் தின்னும்.

"அக்கா, ஏழு மணிக்கு ஆள் வர்றாங்க, நாலு மணிக்குத்தான் திறந்தேன்!"

இதுக்குத்தான் ரெண்டு நாள் முன்னாடியே திறந்து பார்னு சொல்றது. போகட்டும், இப்போ கேளு.

* கொஞ்சமாப் பூத்திருந்தா: நனைச்சுச் சுரண்டு, எல்லாத்தையும் காலி பண்ணு. டிரம் உள்பக்கத்தைச் சோப்புத் துணியால ரெண்டு தடவை, வெறும் ஈரத்துணியால ஒரு தடவை துடை. கம்பியை மட்டும் சமையலறையில கொதிக்கிற தண்ணி ஊத்தித் தேய். வெயிலுக்கு நேரம் இல்லைன்னா காய்ஞ்ச துணியால ஒத்தி எடுத்துட்டு, நெருப்பை அரை மணிக்குப் பதிலா முக்கால் மணி நேரம் விடு. ஆறு, ஆறரைக்குள்ள தயார்.
* டிரம் முழுக்கப் பூத்திருந்தா: இன்னைக்கு அதைத் தொடாதே. மூடி ஓரமா வை. மசாலா தடவின சிக்கனைச் சமையலறையில இரும்பு தோசைக்கல்லுல சுட்டு எடு. மாடியில பாயை விரிச்சுப் பரிமாறினா யாரும் குறை சொல்ல மாட்டாங்க. பூசணக் கம்பி மேல அலுமினியத் தாளை விரிச்சு ஒப்பேத்தலாம்னு மட்டும் நினைக்காதே. கீழேயிருந்து வர்ற புகை அந்தப் பூசணத்தைச் சுட்ட புகைதான்.
* தெரியாமச் சுட்டுச் சாப்பிட்டாச்சுன்னா: நல்லா இருக்கிறவங்களுக்குப் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. மிச்சத்தை வீசிடு. வாந்தி, வயித்துப்போக்கு நிக்கலை, மூச்சு இழுக்குதுன்னா வீட்டு வைத்தியம் பார்த்துட்டு இருக்காம டாக்டர்கிட்ட போ.

காஸ் கிரில், தந்தூரி அடுப்பு வெச்சிருக்கிறவங்களுக்கு

டொரன்டோ, நியூஜெர்சி பக்கம் இருக்கிற தங்கச்சிங்களுக்கு இந்தத் தொல்லை மழையால இல்லை, பனிக்காலத்தால வரும். இலையுதிர் காலத்துல மூடினதை வசந்தத்துல திறப்பீங்க. வரிசை அதேதான்: கழுவு, காய வை, சுடு. கூடுதலா இதைக் கவனிங்க:

* பூசணம் அதிகமாச் சேர்ற இடம் கொழுப்பு வடியிற தட்டு. அதைத்தான் முதல்ல இழுத்துப் பாருங்க.
* பர்னர் குழாய்க்குள்ள சிலந்தி வலை பின்னியிருக்கும். அடைப்பு இருந்தா காஸ் வேற வழியில வந்து தீப்பிடிக்கும். பத்த வைக்கிறதுக்கு முன்னாடி சுத்தம் பண்ணுங்க.
* காஸ் ஹோஸ்ல சோப்புத் தண்ணி தடவுங்க. குமிழி வந்தா கசிவு இருக்கு, மாத்துங்க.
* பத்த வைக்கிறப்போ மூடி திறந்தே இருக்கணும். மூடி வெச்சுக் காஸைத் திறந்தா உள்ளே சேர்ந்து வெடிக்கும்.
* உள்ளே லாவா கல் போட்டிருந்தா, பூசணம் பிடிச்ச கல்லைக் கழுவிக்கிட்டு இருக்காதீங்க. அதுல ஆயிரம் துளை. புதுசு போடுங்க.

மண் தந்தூரி அடுப்புக்குச் சோப்பு ஆகாது. மண் சோப்பை உறிஞ்சிக்கிட்டு, அப்புறம் ரொட்டியில கக்கும். வெறும் தண்ணி தெளிச்சு, நாரால தேய்ச்சு, நாள் கணக்குல வெயில்ல காய விடு. பிறகு சின்ன நெருப்புல தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாச் சூடேத்து. ஈர மண்ணுல ஒரேயடியா நெருப்பைப் போட்டா விரிசல் விட்டுடும்.

இனிமே வராம இருக்கணுமா? சுட்ட அன்னைக்கே 10 நிமிஷம்

இவ்வளவு நேரம் சொன்ன வேலை எல்லாமே, அன்னைக்கு ராத்திரி பத்து நிமிஷம் சோம்பல் பட்டதால வந்தது. அதனால இந்தப் பகுதியைத்தான் நீ கத்தரிச்சுச் சுவத்துல ஒட்டணும்.

* கடைசித் துண்டை எடுத்ததும் கனல் இருக்கிறப்போவே மூடி போட்டு 10 நிமிஷம் விடு. ஒட்டினது எல்லாம் கரியாயிடும். வெங்காயத்தால ஒரு இழு. ஆறின கம்பியில 1 மணி நேரம் தேய்க்கிறது சூட்டுல 1 நிமிஷத்துல முடியும்.
* கனலைத் தண்ணி ஊத்தி கிரில்லுக்குள்ளேயே அணைக்காதே. சூட்டுல இருக்கிற இரும்பு நெளியும். சாம்பலும் தண்ணியும் சேர்ந்து அடிப்பாகத்தை அரிக்கும். மூடியையும் துவாரத்தையும் அடைச்சுடு, காத்து இல்லாம அணைஞ்சுடும். மிச்சக் கரி அடுத்த தடவைக்கும் ஆகும்.
* மறுநாள் சாம்பலை எடு. இரும்புச் சட்டியில கொட்டித் தண்ணி தெளி. வெளியே ஆறின மாதிரி தெரிஞ்சாலும் உள்ளே ஒரு நாளுக்கு மேலயும் கனல் உயிரோட இருக்கும். பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில கொட்டாதே.
* கொழுப்பு விழுற தட்டுல அலுமினியத் தாள் விரிச்சு வை. சுருட்டி எறிஞ்சா வேலை முடிஞ்சது. காற்றுத் துவாரத்தை மட்டும் தாள் மறைக்கக் கூடாது.
* மழைக்காலம் வர்றதுக்கு முன்னாடி கம்பியை வீட்டுக்குள்ள கொண்டு வந்துடு. கழுவி, காய வெச்சு, மெல்லிசா எண்ணெய் தடவி, செய்தித்தாள்ல சுத்திப் பரண்ல போடு. சாப்பாடு படுறது கம்பி மேல மட்டும்தான். அது உள்ளே இருந்தா பாதிக் கவலை போச்சு. அக்கா சொல்றதுல இது ஒண்ணை மட்டும் செஞ்சாலும் போதும்.
* சூடு முழுசா ஆறின பிறகே உறை போடு. சூட்டோட மூடினா உள்ளே வியர்த்து, அந்தத் தண்ணி அங்கேயே நிக்கும். தார்ப்பாய் கட்டினா கீழ்ப்பக்கம் ஒரு சாண் திறந்து விடு. மூடியில இருக்கிற துவாரத்தைப் பாதி திறந்து வை. கால்களுக்கு அடியில செங்கல் கொடு.
* உறையும் துணிதான், அதையும் துவை. பூசணம் பிடிச்ச உறையைத் துவைக்காமத் திரும்பப் போட்டா, நீ இவ்வளவு நேரம் செஞ்ச வேலை வீண்.
* அடைமழைக்கு நடுவுல வெயில் எட்டிப் பார்க்கிற நாள்ல துணி காயப் போட மாடிக்குப் போவே இல்லையா? அப்போ உறையையும் மூடியையும் கழட்டி வை. துணி எடுக்கப் போறப்போ திரும்ப மூடு. இதுக்குன்னு தனியா நேரம் ஒதுக்க வேண்டியதே இல்லை.
* கரியைச் சாக்கோட மாடியில விடாதே. மூடி போட்ட பழைய பெயின்ட் வாளியைக் கழுவிக் காய வெச்சு அதுல போட்டு வை. சாக்கு ஈரத்தை இழுத்துக் கரிக்குக் கொடுக்கும்.

கடைசியா ஒண்ணு. தீ மூட்டி, விசிறி, இடுக்கியைப் பிடிச்சுப் படம் எடுத்துக்கிறது ஒருத்தர், மறுநாள் குனிஞ்சு கம்பி தேய்க்கிறது நீ மட்டும்னா, இந்தப் பூசணம் வருஷா வருஷம் வரும். ஒரு ஆள் தலையில விழுற வேலை எப்பவும் தள்ளித்தான் போகும். அடுத்த தடவை கரி வாங்க அனுப்புறப்போவே பேசி முடிச்சுடு: பத்த வைக்கிறவர்தான் அன்னைக்கு ராத்திரி கம்பி தேய்க்கணும், மறுநாள் சாம்பலும் எடுக்கணும். ஒத்துக்கிட்ட பிறகு சிக்கனை ஊற வை.